கடைசியாக எப்போது நடந்தது?

1

இங்கிலாந்துக்கு வந்து ஏழு வருடம் முடிந்த அன்று நாங்கள் கேக் வெட்டுவதாக இருந்தோம். அதற்குப் பதிலாக மோரின் எங்கள் சமையலறையில் உட்கார்ந்து காலண்டரில் நாள் எண்ணிக்கொண்டிருந்தார். என் கணவர் அந்தோணி நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியில் தொழிற்சங்கப் பொறுப்பைப் பார்ப்பவர் மோரின். அறுபதை நெருங்கும் வெள்ளைக்காரப் பெண்மணி, நான் போடும் ஏலக்காய் டீயை முகம் சுளிக்காமல் குடிப்பவர். எண்ணி முடித்ததும் அவர் சொன்னதை மூன்று முறை திருப்பிச் சொல்ல வைத்தேன்.

வேலை செய்யும் இடத்தில் பாகுபாடு காட்டினார்கள் என்று இந்த நாட்டில் வழக்குப் போக மூன்று மாதம், அதிலும் ஒரு நாள் குறைய, அவ்வளவுதான் கெடு. அதற்குள் சமரசப் பேச்சுக்காவது பதிந்திருக்க வேண்டும். என்னுடைய கெடு ஒன்பது நாள் முன்பே முடிந்துவிட்டது.

இரண்டரை வருடம் நடந்த விஷயத்துக்கு மூன்று மாதக் கெடு எப்படி என்று கேட்டேன். மோரின் பொறுமையாக விளக்கினார். ஒரே மாதிரி தொடர்ந்து நடந்தால் அதை ஒரே நீளமான செயலாக எடுத்துக்கொள்வார்களாம். நடக்கும்வரை நாள் எண்ண மாட்டார்கள். எப்போது நின்றதோ அன்றிலிருந்து எண்ணுவார்கள். என் விஷயம் பொங்கலுக்கு முந்தின வாரம் நின்றுவிட்டது என்று கம்பெனி சொல்கிறது.

அப்படியானால் அவர்கள் என்னை இன்னும் படுத்திக்கொண்டே இருந்திருந்தால் எனக்கு நேரம் இருந்திருக்கும். நிறுத்திவிட்டதால் நேரம் போய்விட்டது. இது சரியா என்று கேட்டேன். ஏறக்குறைய சரி என்றார் மோரின். அந்தோணி கேக்கை மறுபடி ஃபிரிட்ஜுக்குள் வைத்தார்.

"கடைசியாக எப்போது நடந்தது? அதற்கப்புறம் எதுவுமே நடக்கவில்லையா?" என்று மோரின் இரண்டு தடவை கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். நன்றாக யோசித்து, தேதிவாரியாக ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லிவிட்டுப் போனார். யோசிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

2

நான் வேலை செய்வது ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் ஒரு பெரிய சலவைக்கூடத்தில். கூடத்தின் நடுவே ஒரு சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் மூட்டைகள் வந்து இறங்கும். ரத்தமும் மலமும் வாந்தியுமாக இருக்கும் விரிப்புகளைப் பிரித்து, வகைப்படுத்தி, இயந்திரத்துக்குள் தள்ள வேண்டும். இதற்குப் பெயரே அழுக்குப் பக்கம்தான். சுவருக்கு அந்தப் பக்கம் அதே விரிப்புகள் சூடாக, வெள்ளையாக வெளியே வரும். அவற்றை இஸ்திரி போட்டு மடிப்பது சுத்தப் பக்கம்.

வாராவாரம் ஆட்களை மாற்றிப் போடுவதுதான் முறை. சுவரில் ஒட்டும் தாளில் மற்றவர்களின் பெயர்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் போய் வரும். என் பெயரும் கானா நாட்டு கிரேஸின் பெயரும் மட்டும் இரண்டரை வருடம் அசையவே இல்லை. கறுத்த தோல் எங்கள் இருவருக்கும்தான்.

தாளை எழுதும் சூப்பர்வைசர் ஷாரன் கெட்டவள் என்று சொல்லிவிட்டால் என் வேலை சுலபம். என் அப்பா இறந்தபோது என்னைக் கட்டிக்கொண்டு அழுதவள் அவள். "உங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்த வேலை பழக்கம், நீங்கள் மூக்கைச் சுளிப்பதே இல்லை" என்று நாலு பேர் எதிரில் பாராட்டுவாள். நான் வெகுநாள் அதைக் கேட்டு உச்சி குளிர்ந்துபோயிருந்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். கிரேஸ்தான் ஒருநாள், "எந்த ஊர்க்காரிக்கு அடுத்தவர் மலம் பழக்கம்?" என்று கேட்டுவிட்டு வேலையை விட்டுப் போனாள். அவள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

புகார் எழுதிக் கொடுத்தேன். கூப்பிட்டு விசாரித்தார்கள். பொங்கலுக்கு முந்தின வாரம் என் பெயர் சுவரைத் தாண்டிச் சுத்தப் பக்கம் போனது. எழுத்தில் பதில் பிறகு வரும் என்றார்கள். அன்றைக்கு நான் செய்த காரியத்தைத்தான் இன்றைக்கு எல்லாரும் படித்துப் பார்க்கிறார்கள். நெய் ஒழுக ஒரு டப்பா கேசரி கிளறினேன். என் பெண் ஷெரினை உட்கார வைத்து, "பிரச்சினையைத் தீர்த்து வைத்ததற்கு மிக்க நன்றி" என்று ஆங்கிலத்தில் ஒரு அட்டை எழுதச் சொன்னேன். அவள் பள்ளிக்கூடத்தில் பழகியபடி மேலே தேதி போட்டாள். நான் கீழே கையெழுத்துப் போட்டேன்.

பதில் குருத்தோலை ஞாயிறுக்கு மறுநாள் வந்தது. விமலா தன் சொந்த விருப்பத்தின் பேரில் அழுக்குப் பக்கம் வேலை செய்து வந்தார், மாற்றம் கேட்டதும் தரப்பட்டது, விஷயம் தீர்ந்ததை அவரே நன்றி அட்டையில் தேதியிட்டுத் தெரிவித்திருக்கிறார் என்று இருந்தது. விருப்பத்தின் பேரில் என்ற இடத்திலேயே என் கண் நின்றுவிட்டது. எவளாவது விரும்பி அதைச் செய்வாளா? ஆனாலும் பெரிய வாரம், ஈஸ்டர் பண்டிகை முடியட்டும் என்று கடிதத்தை மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன். உயிர்ப்பு ஞாயிறு முடிந்து இரண்டே நாளில் கெடுவும் முடிந்திருக்கிறது. எனக்கு யாரும் சொல்லவில்லை.

எனக்கு அந்த ஒரு வரி போக வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

3

கேசரி ஏன் கிளறினாய் என்று அந்தோணி கேட்டார், மோரின் கேட்டார், ஷெரினும் கேட்டாள். மற்றவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. உங்களுக்குப் புரியும்.

கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக நான் மாமல்லபுரம் தாண்டி ஈசிஆரில் கடலைப் பார்த்த ஒரு ஓட்டலில் துணி அறையில் இருந்தேன். திருப்போரூரிலிருந்து நெம்மேலிச் சாலை வழியாக ஷேர் ஆட்டோவில் போய் வருவோம். எங்கள் எல்லாருக்கும் சில மாதத்துக்கு ஒருமுறை "பிரேக்" கொடுப்பார்கள். விடாமல் வேலை செய்தோம் என்று ஆகிவிட்டால் நிரந்தரம் கேட்போமாம். அதனால் பத்து நாள் நிறுத்திவிட்டு, புதிதாகச் சேர்ந்ததாக எழுதி மறுபடி எடுப்பார்கள். வேடிக்கை என்னவென்றால், கூட்டமான சீசனில் அந்தப் பத்து நாளிலும் வரச் சொல்வார்கள். நோட்டில் பெயர் ஏறாது. வேலை மட்டும் நடக்கும்.

பிரேக் காலத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்பது எங்களுக்குள் எழுதாத விதி. முணுமுணுத்தவளை மறுபடி கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டால், திரும்பிப் போகும் முதல் நாள் சூப்பர்வைசருக்கு ஒரு டப்பா இனிப்பு எடுத்துப் போவோம். எடுத்துப் போகாதவளும் உண்டு. அடுத்த தடவை அவள் பெயரைக் கடைசியில்தான் கூப்பிடுவார்கள்.

இங்கே புகார் கொடுத்துவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்த மாதங்களை என் உடம்பு பிரேக் என்றே எடுத்துக்கொண்டது. வாயை மூடிக்கொண்டு இருந்தேன். பெயர் மாறியதும் கை தானாகவே ரவை டப்பாவைத் தேடியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பிரேக்குக்கும் முன்னால் நாங்கள் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். "சொந்தக் காரணங்களுக்காக, என் விருப்பத்தின் பேரில் வேலையை விட்டு நின்றுகொள்கிறேன்." என் எழுத்து அழகாக இருக்கும் என்பதால் எல்லாப் பெண்களுக்கும் அதை நானே எழுதுவேன். அவர்கள் கையெழுத்தோ கைநாட்டோ போடுவார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், சலவைக்குப் போகும் துணி மூட்டையின் மேல் தாளை வைத்து, ஒரே மூச்சில் பத்துப் பன்னிரண்டு கடிதம் எழுதியிருக்கிறேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

அந்தப் பெண்களில் ஒருத்தி லூர்து அக்கா. நான் இங்கே வந்த பிறகு அவர் நிரந்தரம் கேட்டு, செங்கல்பட்டில் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனார். ஓட்டல்காரர்கள் கடிதங்களை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தார்களாம். அக்கா வெறுங்கையோடு திரும்பி வந்ததை எங்கள் அண்ணி போனில் சொன்னாள். அதற்குப் பிறகு நான் லூர்து அக்காவைக் கூப்பிடவே இல்லை.

4

மோரின் வந்துபோனதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும் அக்காவைக் கூப்பிட்டேன். ஏன் கூப்பிட்டேன் என்று இப்போதும் தெளிவாகச் சொல்ல முடியாது. இந்த ஊரில் கேட்டுப் புரியாததை அந்த ஊரில் கேட்டால் புரியும் என்று ஒரு குருட்டு நம்பிக்கையாக இருக்கலாம்.

"இன்னாம்மே, வெள்ளக்காரியாவே ஆயிட்டியா? உயிரோட கீறியா?" என்றார் எடுத்தவுடன்.

நடந்ததையெல்லாம் சொன்னேன். அக்கா நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"இரு இரு. தப்பு பண்ணிகினே இருந்தா கேஸ் போடலாம். நிறுத்திட்டு மூணு மாசம் ஆச்சுன்னா போடக்கூடாது. இன்னா சட்டம்மே இது? பேஜாரா கீது."

"எனக்கும் புரியலக்கா."

"எங்களுக்கு மட்டும் இன்னா வாழ்ந்துச்சு. வருஷக்கணக்கா வேல செஞ்சேன், தொடர்ச்சி எங்கன்னு கேட்டாரு அந்த ஆபீசரு. அவரு நல்ல மனுஷன்தான். காகிதம் இல்லியேம்மான்னாரு. இருந்த காகிதம் பூரா அவுங்க பக்கம் கீது."

சொல்லிவிடலாமா வேண்டாமா என்று இருந்தது. சொல்லிவிட்டேன்.

"அந்த லெட்டரெல்லாம் என் கையெழுத்துக்கா."

"எனுக்குத் தெரியாதா? முத்து முத்தா இருந்துச்சு. எழுத்து நல்லாக் கீதேன்னு ஆபீசரே சொன்னாரு."

"கோவம் இல்லியாக்கா?"

"இருந்துச்சும்மே. ஒரு வருஷம் உன் பேரச் சொன்னாலே பத்திகினு வரும். அப்பால யோசிச்சேன். நீ எழுதலன்னா வேற ஒருத்தி எழுதியிருப்பா, தப்பும் தவறுமா. கையெழுத்துப் போட்டது நான்தான?"

நான் அழுதேன். அக்கா அழவில்லை. அந்தப் பக்கம் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அவரே கேட்டார்.

"ஆமா, பிரேக்குன்னு சொல்லிட்டு நம்மள வரவெச்சாங்களே, நோட்டுல ஏத்தாம. அதுமாரி உன்ன அப்பால அந்தப் பக்கம் இட்டுகினு போவவே இல்லியா?"

"இல்லக்கா. எப்பனாச்சும் ஆளு வரலன்னா உதவிக்குப் போவேன். அவ்ளோதான்."

"உதவிக்கு இன்னும் யாரு போவாங்க?"

மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். சுத்தப் பக்கத்தில் பதினாலு பேர். ஆள் குறையும்போதெல்லாம் ஷாரன் எட்டிப் பார்த்து என்னைத்தான் கூப்பிடுவாள். "கொஞ்சம் உதவி செய்கிறாயா, விமலா?" நான் ஒவ்வொரு தடவையும் "நோ ப்ராப்ளம்" என்று சொல்லியிருக்கிறேன். தாளில் என் பெயர் சுத்தப் பக்கத்திலேயே இருக்கும். என் கை அழுக்குப் பக்கத்தில் இருக்கும்.

"பேரு உதவின்னா இன்னா, ஊழியம்னா இன்னா, நாத்தம் அதே நாத்தம் தான?" என்றார் லூர்து அக்கா.

5

மோரினுக்கு உடனே போன் செய்தேன். அவர் குரலே மாறிவிட்டது. இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்றார். எனக்கே இப்போதுதான் தெரிந்தது என்று எப்படிச் சொல்வது? பெயர்ப் பட்டியலும் உதவிக்குக் கூப்பிட்டதும் ஒரே போக்கு என்று காட்ட முடிந்தால் நாள் இன்னும் முடியவில்லை, ஆனால் தேதிகள் வேண்டும் என்றார்.

தாளை எடுத்து உட்கார்ந்தேன். எனக்கு ஒரு தேதியும் நினைவில்லை. சாம்பல் புதனுக்கு மறுநாள் ஒரு தடவை. அண்ணன் மகள் வளைகாப்புப் போட்டோ வந்த அன்று ஒரு தடவை. ஷெரின் பல் டாக்டரிடம் போன வாரம் ஒன்று, இல்லை, அது வேறு ஏதோ. எனக்கு இந்த ஊர் வேலையும் அந்த ஊர் விசேஷமும் ஒன்றோடொன்று சிக்கிக் கிடந்தன. நான் பொய் சொல்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அந்தோணிக்குச் சண்டை பிடிக்காது. "வுடு விமலா. இப்பதான் நல்ல பக்கம் போட்டுட்டாங்களே. இன்னாத்துக்கு வம்பு?" என்றார்.

"நல்ல பக்கம் போடலியே. அதத்தான சொல்லிகினு கீறேன்" என்று கத்தினேன்.

ஷெரின் மேசையின் மறுமுனையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினைந்து வயது. இரவில் ஜெபம் சொல்லும்போது மட்டும் முழுத் தமிழ். மற்ற நேரம் நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், அதுவும் ஒரு வார்த்தைக்கு மேல் இருக்காது. அன்று அவளாகவே பேசினாள்.

"மா, லேட் ஆகும்னு நீ எனக்கு மெசேஜ் பண்ணுவ இல்ல? அதுல டேட் இருக்கும்."

அழுக்குப் பக்கம் போனால் முடிய நேரமாகும். அதனால் ஒவ்வொரு தடவையும் அவளுக்கு எழுதிவிடுவேன். அவள் விரலால் தள்ளித் தள்ளி மேலே போனாள். ஜனவரிக் கடைசியில் நிறுத்தி, தேதியைப் படித்தாள். நான் எழுதினேன். பிறகு என் செய்தியைப் படித்தாள்: "இன்னிக்கு அழுக்குப் பக்கம். லேட் ஆகும்." அதற்குக் கீழே இருந்ததையும் அதே வேகத்தில் படித்துவிட்டாள்: "ஓகே. பின் கதவு வழியா வா. ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்க."

படித்த பிறகுதான் அவளுக்கு அது காதில் விழுந்திருக்க வேண்டும். அடுத்த தேதியை மெதுவாகச் சொன்னாள். "பின் கதவு ப்ளீஸ். சோபால உட்காராத" என்று இருந்தது. மூன்றாவதிலிருந்து வார்த்தையே கிடையாது. ஒரு சின்னக் கதவுப் படம் மட்டும். அவ்வளவு பழகிவிட்டது எங்களுக்குள். மொத்தம் ஆறு. ஆறுக்கும் நான் கட்டைவிரல் படம் போட்டிருக்கிறேன்.

கோபமா, வெட்கமா, தேதி கிடைத்துவிட்ட சந்தோஷமா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மூன்றும் ஒன்றாகத்தான் இருந்தன. என் அம்மா நாற்று நடப் போன நிலக்காரர் வீடுகளில் பின் வாசலைத் தாண்டி ஒருநாளும் போனதில்லை. அது எப்போது தொடங்கியது, எப்போது நின்றது என்று அம்மாவைக் கேட்டிருந்தால் அவளும் என்னைப் போலத்தான் விழித்திருப்பாள். அதை ஷெரினுக்கு நான் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. பிள்ளைக்கு நாற்றம் பிடிக்கவில்லை, தோழிகள் எதிரில் கூச்சம், அதுவும் இதுவும் ஒன்றா என்று என்னை நானே அடக்கிக்கொண்டேன். ஒன்றா, வேறு வேறா என்று இப்போதும் எனக்குக் குழப்பமாகத்தான் இருக்கிறது.

ஆறாவது தேதி போன செவ்வாய்க்கிழமை.

"இத மோரின் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வாங்க. உன் பேர மறைச்சுட்டு அனுப்பலாம் பாப்பா" என்றேன்.

ஷெரின் போனை என் பக்கம் தள்ளினாள். அப்புறம், "வேணாம்மா. நான்தான அனுப்பினேன்" என்றாள். எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். ஃபிரிட்ஜில் இருந்த கேக்கை வெட்டி, அவள் பங்கை ஒரு தட்டில் மூடி வைத்தேன்.

6

சமரசப் பேச்சுக்கு மறுநாளே பதிந்தோம். சங்கத்து வக்கீல் போனில் பேசினார். எல்லாம் ஒரே சங்கிலி என்று நாம் சொல்வோம், பொங்கலோடு ஒன்று முடிந்தது, மற்றதெல்லாம் தனித்தனி உதவிகள் என்று அவர்கள் சொல்வார்கள், எது என்று நீதிபதிதான் சொல்ல வேண்டும் என்றார். ஜெயிக்குமா என்றேன். சொல்ல முடியாது என்றார். நன்றி அட்டையை என்ன செய்வது என்றேன். இனிமேல் யாருக்கும் அட்டை எழுதாதீர்கள் என்றார். சிரித்தாரா, நிஜமாகவே சொன்னாரா என்று போனில் தெரியவில்லை.

அடுத்த நாள் ஷாரன் எட்டிப் பார்த்து மறுபடி கூப்பிட்டாள். "நோ ப்ராப்ளம்" என்று சொல்லவில்லை. "சொல்கிறீர்கள், போகிறேன். என் விருப்பம் இல்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். இரண்டு நாளாக மனப்பாடம் செய்த வாக்கியம். அவள் முகம் வாடிப்போனது. எனக்குப் பாவமாக இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. போய் மூட்டைகளைப் பிரித்தேன்.

ஷெரினுக்கு வழக்கம்போல எழுதினேன், இன்றைக்கு அழுக்குப் பக்கம், லேட் ஆகும் என்று. பதில் வரவில்லை. கதவுப் படமும் வரவில்லை. பஸ்ஸில் வரும்போது நாலைந்து தடவை எடுத்துப் பார்த்தேன்.

எங்கள் தெருவில் இறங்கி நின்றபோது எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. யாரும் சொல்லவில்லையே என்று யோசிக்கும்போதே கால் தன்னால் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்துக்குள் போய்விட்டது. குப்பைத் தொட்டிகளைத் தாண்டிப் பின் கதவைத் தள்ளினேன். உள்ளே தாழ் போட்டிருந்தது. எப்போதும் திறந்தே கிடக்கும் கதவு அது. தட்டினேன். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கிறது, யாரும் திறக்கவில்லை. இந்தக் கதவும் இல்லையென்று ஆகிவிட்டதா?

சுற்றிக்கொண்டு முன் பக்கம் வந்தேன். முன் கதவு விரியத் திறந்து கிடந்தது, அந்தக் குளிரில். வாசலில் நாலைந்து ஜோடி ஷூ. ஷெரின் தோழிகளோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து எழுந்தாள்.

"பின்னாடி லாக் பண்ணிட்டேன்மா" என்றாள் தமிழில், அத்தனை பேர் எதிரிலும். "உள்ள வா."

அந்தப் பெண்கள் ஹலோ சொன்னார்கள். ஒருத்தி மூக்கைத் தொட்டுக்கொண்டாளா, இல்லை எனக்குத்தான் அப்படித் தோன்றியதா, தெரியாது. யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் போய் சோபாவில் உட்கார்ந்தேன்.